தபாலாபீஸ் சுவருக்குத் திரை எதற்கு?

கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களைப் பற்றியே பேசுகிறார்கள். பாரிஸ், ரோமாபுரி, நியூயார்க் என்று மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டால் உலகத்துச் சித்திரம் எல்லாம் அதில் அடங்கிவிட்டது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. நான் இங்கே பேசப்போவது, சில ஆயிரம் பேர் மட்டுமே வசிக்கிற சின்ன ஊர்களில், தபால்தலை விற்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில், போஸ்ட்மாஸ்டர் அறைக் கதவுக்கு மேலே உள்ள சுவரில் ஒட்டப்பட்ட சித்திரங்களைப் பற்றி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1934-க்கும் 1943-க்கும் இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் இப்படிச் சித்திரங்கள் வைக்கப்பட்டன. அவற்றுக்கு இன்று இரண்டு பக்கத்திலிருந்து ஆபத்து வந்திருக்கிறது. ஒரு பக்கம் கட்டடத்தை விற்றுக் காசாக்கப் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம் படத்தின் மேல் மறைப்புப் போட்டு மூடுகிறார்கள். இரண்டும் தவறு என்பது என் கட்சி. இரண்டில் மூடுவதுதான் பெரிய தவறு என்பதும் என் கட்சி. அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் இந்தச் சித்திரங்கள் எப்படி வந்தன என்று தெரிய வேண்டும். 1933-ல் ரூஸ்வெல்ட் பதவி ஏற்றபோது அந்த நாட்டில் உழைக்கக்கூடியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த வருஷம் மே மாதத்தில், அவருடன் பள்ளிக்கூடத்தில் படித்த ஜார்ஜ் பிடில் என்ற சித்திரக்காரர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மெக்ஸிகோவில் ஒப்ரகான் ஜனாதிபதியாக இருந்தபோது இளம் ஓவியர்களுக்குத் தொழிலாளி கூலி கொடுத்துச் சர்க்கார் கட்டடங்களின் சுவர்களில் எழுதச் சொன்னார். அதனால் அந்த நாட்டுக் கலை தலைநிமிர்ந்தது. நாமும் அப்படிச் செய்து பார்க்கலாமே என்பது கடிதத்தின் சாரம். அவ்வருஷம் டிசம்பரில் முதல் முயற்சி தொடங்கியது. அது சில மாதங்களே நடந்தது. பிறகு 1934 அக்டோபரில் கஜானா இலாகாவிலேயே சித்திரத்துக்கும் சிற்பத்துக்கும் என்று ஒரு பிரிவு ஏற்படுத்தினார்கள். எட்வர்ட் புரூஸ் என்பவர் அதன் தலைவர். அவர் வக்கீலாக இருந்தவர், வியாபாரம் செய்தவர், கடைசியில் சித்திரம் எழுத வந்தவர்.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தைத் திருத்தியாக வேண்டும். இந்தச் சித்திரங்களைப் பஞ்ச நிவாரண வேலை என்று பலரும் சொல்கிறார்கள். அமெரிக்கர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். வேலையில்லாத ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்த நிவாரணத் திட்டம் வேறு. அது 1935-ல் தனியாக வந்தது. கஜானா இலாகாப் பிரிவு ஏழ்மையைப் பார்த்து வேலை கொடுக்கவில்லை. போட்டி வைத்தது. பெயர் எழுதாத மாதிரிப் படங்களை வாங்கி, எழுதியவர் யார் என்று தெரியாமலே தீர்ப்புச் சொன்னது. ஒரு கட்டடம் கட்ட ஆகும் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கை அலங்காரத்துக்கு ஒதுக்குவது என்பது கணக்கு. சின்ன ஊர்த் தபாலாபீஸ் என்றால் அந்த ஒரு பங்கு பெரும்பாலும் ஆயிரம் டாலரைத் தொடாது. துணி, வர்ணம், பிரயாணம், சுவரில் ஒட்டுகிற கூலி எல்லாம் அதற்குள்ளேதான். அதையும் ஒரே தடவையில் கொடுத்துவிடமாட்டார்கள். முதலில் மாதிரி, அப்புறம் முழு அளவுக் கோட்டுப் படம், அப்புறம் முடிந்த படம் என்று ஒவ்வொன்றையும் வாஷிங்டனில் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த தவணை. கடைசியில், படம் சுவரில் ஏறிவிட்டது என்று போஸ்ட்மாஸ்டர் எழுதித் தர வேண்டும். அந்த ஊருக்குப் போய்ப் பாருங்கள், அங்கே இருப்பவர்களிடம் பேசுங்கள், அவர்களுக்குச் சொந்தமான ஒரு சங்கதியை எழுதுங்கள் என்று ஓவியர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சுமார் 850 கலைஞர்கள் இப்படி வேலை செய்தார்கள்.

இந்தச் சித்திரங்கள் உயர்ந்த கலையா என்று ஒரு கேள்வி வரும். பல அப்படி இல்லை என்று நான் ஒப்புக்கொள்கிறேன். குதிரையில் தபால் கொண்டுபோகிறவன், கூண்டு வண்டியில் குடியேற வருகிறவர்கள், அறுவடை, ரயில் வண்டி என்று ஒரே விஷயம் பத்து ஊர்களில் வரும். புதுமையாக எதையாவது செய்து பார்க்க விரும்பியவர்களுக்கு வாஷிங்டன் அதிகாரிகள் இடம் கொடுக்கவில்லை. எவர் மனமும் கோணக்கூடாது என்று எழுதிய படம் எவர் மனத்திலும் நிற்காது. அதற்கு இந்தச் சுவர்களில் உதாரணம் நிறைய உண்டு.

ஆனால் விமரிசகர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அர்க்கன்ஸாஸில் உள்ள வின் என்ற ஊரில் பருத்தி எடுக்கிறவர்கள், தன் வாழ்நாளில் ஒரு அசல் சித்திரத்தையாவது பார்த்திருப்பார்களா? அவர்களையே 1940-ல் எதல் மகஃபான் என்ற பெண்மணி எழுதி, அவர்கள் கடிதம் போட வருகிற இடத்தில் வைத்தார். அயோவாவில் கார்னிங் என்ற ஊருக்கு, பூங்காவில் நடக்கிற பாண்டு வாத்தியக் கச்சேரி. நியூ மெக்ஸிகோவில் டெமிங் என்ற ஊருக்கு, அந்த ஊரின் மலையும் பாலைவனச் செடியும். காசு கொடுத்துச் சீட்டு வாங்காமல், நல்ல உடை உடுத்திக்கொண்டு போகாமல், கையில் ஒரு கடிதத்துடன் நிற்கும்போது கண்ணில் படுகிற கலை இது. கலப்பைப் பிடி இப்படி இருக்காது, குதிரைக்கு வார் இப்படிக் கட்டமாட்டார்கள் என்று ஊரார் குற்றம் சொன்னார்கள். சொல்லட்டுமே! பொருட்காட்சிசாலையில் தொங்குகிற படத்தைப் பார்த்து ஒரு குடியானவன் அப்படி வாயைத் திறந்து பேசியிருப்பானா? இது தன் சுவர், தன் படம் என்று நினைத்ததால்தான் அவன் குற்றம் கண்டுபிடித்தான். அந்த உரிமை ஒரு பெரிய விஷயம்.

சரி, ஊரார் சொல்வது எல்லாம் சரியா? இங்கேதான் சிக்கல். ஊர் என்றால் யார்?

ஐடஹோ மாகாணத்தில் கெல்லாக் என்பது சுரங்க ஊர். வெள்ளியும் ஈயமும் எடுக்கிற பிரதேசம். 1939-ல் நாற்பத்தெட்டு மாகாணங்களுக்கும், மாகாணத்துக்கு ஒரு தபாலாபீஸ் என்று ஒரு பெரிய போட்டி நடத்தினார்கள். கெல்லாகுக்குத் தேர்ந்தெடுத்தது ஃப்ளெட்சர் மார்ட்டின் எழுதிய படம். மரம் முட்டுக் கொடுத்த ஒரு சுரங்க வழி. அதில் அடிபட்ட தொழிலாளி ஒருவனைத் தூக்குக் கட்டிலில் வைத்து வெளியே கொண்டுவருகிறார்கள். அவ்வளவுதான். தொழிலாளர் சங்கத்தார் இந்தப் படத்தை விரும்பினார்கள். இது எங்கள் வாழ்க்கைதான் என்பது அவர்கள் எண்ணம். சுரங்கத் தொழில் நடத்துகிற பெரிய மனிதர்கள் ஆட்சேபித்தார்கள். தபாலாபீசுக்கு வருகிறவர்களுக்கு விபத்தை ஏன் ஞாபகப்படுத்த வேண்டும் என்று கேட்டார்கள். யார் ஜெயித்திருப்பார்கள் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படம் போயிற்று. அதற்குப் பதில் 1941-ல் அதே ஓவியர் வேறொன்று எழுதிக் கொடுத்தார். ஊருக்குப் பெயர் கொடுத்த நோவா கெல்லாக் என்பவர் கழுதையோடு போய்த் தாதுவைக் கண்டுபிடித்த கதை அது. எவருக்கும் வருத்தம் இல்லை, கழுதைக்கும் இல்லை.

1972 மே மாதம் 2-ஆம் தேதி கெல்லாகுக்குப் பக்கத்தில் உள்ள சன்ஷைன் சுரங்கத்தில் தீப்பிடித்தது. புகையில் சிக்கி 91 பேர் மாண்டார்கள். படம் இருந்திருந்தால் தீப்பிடித்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு அசடு இல்லை. ஆனால் அந்த ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருந்த ஒரு பயத்தை, சர்க்கார் சுவரில் எழுதி ஒப்புக்கொள்ளக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தைப் பணம் உள்ள கை தட்டிவிட்டது. முப்பத்தோரு வருஷங்கள் அந்த ஊர்ப் பெண்கள் கழுதையைப் பார்த்துக்கொண்டே தபால்தலை வாங்கினார்கள். இதை நான் சின்ன விஷயம் என்று நினைக்கவில்லை.

தென் கரோலினாவில் எய்க்கன் என்ற ஊரில் சர்க்கார் நியாயஸ்தலத்துக்கு 1938-ல் ஸ்டீஃபான் ஹிர்ஷ் என்பவர் நீதி தேவதையை எழுதினார். தேவதையின் நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. கறுப்பு ரத்தம் கலந்தவள் மாதிரி இருக்கிறாள் என்று கூச்சல் கிளம்பியது. நீதிபதி தன் ஆசனத்துக்குப் பின்னால் அவள் இருப்பதைச் சகிக்கவில்லை. படத்துக்குத் திரை போட்டு மூடினார்கள். பல பத்தாண்டுகள் அது மூடியே கிடந்தது. நீதி தேவதைக்குக் கண்ணைக் கட்டுவது பழைய வழக்கம். முகத்தையே மூடியது அந்த ஊரில்தான்.

அரிஸோனாவில் ஸாஃபர்டு என்ற ஊருக்கு ஸீமோர் ஃபோகல் என்பவர் அப்பாச்சே இந்தியர்களை எழுதி அதே போட்டியில் ஜெயித்தார். அந்த ஊரில் குடியேறியவர்கள் எதிர்த்தார்கள். எங்கள் முன்னோர்களைக் கொள்ளையிட்டவர்களை எங்கள் தபாலாபீசில் மகிமைப்படுத்துவதா என்று கேட்டார்கள். ஃபோகல் வேறு படம் எழுத வேண்டியதாயிற்று. 1942-ல் குடியேறியவர்களின் சரித்திரம் சுவரில் ஏறியது. ஊரைக் கேட்டார்கள், ஊர் சொன்னதைச் செய்தார்கள். ஆனால் அப்பாச்சேக்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் அந்த மண்ணில் ஊர் தோன்றுவதற்கு முன்பே இருந்தவர்கள்.

இந்த மூன்று கதைகளையும் நான் வரிசையாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மூடவோ விலக்கவோ சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். முதலாளி, நீதிபதி, நிலம் உள்ளவன். எழுதியது பொய் என்று இவர்கள் எவரும் நிரூபிக்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்றார்கள். அது போதுமானதாக இருந்தது.

இப்பொழுது நம் காலத்துக்கு வருவோம். மேரிலாந்து மாகாணத்தில் கேட்டன்ஸ்வில் என்ற ஊர்த் தபாலாபீசில் ஏவரி ஜான்ஸன் 1942-ல் எழுதிய சித்திரங்கள் இருக்கின்றன. அதில் ஒரு பகுதியில் கறுப்பு அடிமைகள் புகையிலைப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போகிறார்கள். 2020-ல் அமெரிக்காவில் நிறவெறிக்கு எதிராகப் பெரிய கிளர்ச்சி நடந்த சமயத்தில் தபால் ஸ்தாபனம் தன் சித்திரங்களைப் பரிசீலித்தது. அதைத் தொடர்ந்து கேட்டன்ஸ்வில் உள்பட சில ஊர்களில் சித்திரங்களை மறைத்துவிட்டது.

இப்படிச் செய்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. பொருட்காட்சிசாலைக்குப் போகிறவன் விரும்பிப் போகிறான். தபாலாபீசுக்குப் போகிறவள் போய்த்தான் தீர வேண்டும். தன் பாட்டனுக்குப் பாட்டனைச் சுமைமாடு மாதிரி, அதுவும் அந்த வேலையில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லாத மாதிரி, எழுதிவைத்த படத்துக்குக் கீழே ஒரு கறுப்புப் பெண்மணி வரிசையில் நிற்க வேண்டும். அல்லது ஜன்னலுக்கு உள்ளே அவள் உத்தியோகம் பார்க்க வேண்டும்; தினமும் எட்டு மணி நேரம். இதை அழகு என்று சொல்ல அவளை யார் கட்டாயப்படுத்த முடியும்? அவள் கோபம் நியாயமான கோபம். சுரங்க முதலாளியின் ஆட்சேபத்தோடு அதை ஒரே தராசில் வைப்பது அக்கிரமம். மேலும், அந்தக் காலத்தில் கஜானா இலாகா வேலை கொடுத்த கறுப்பு ஓவியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தன்னைப் பற்றித் தானே எழுத அவர்களுக்குச் சந்தர்ப்பமே தரப்படவில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், மூடியது தவறு என்றுதான் சொல்கிறேன்.

மூடியவர் யார்? அந்தப் பெண்மணி அல்ல. ஊரார் கூடிப் பேசி, கோபம் உள்ளவர்கள் கோபத்தைச் சொல்லி, கேட்க வேண்டியவர்கள் கேட்டு எடுத்த முடிவு அல்ல அது. ஒரு ஸ்தாபனம் தன் பரிசீலனையில் தானே எடுத்த முடிவு. ஒரு வேளை அந்த ஊரின் கறுப்பு மக்கள் கூடி, இது எங்களுக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று தீர்மானித்தால் அதை எதிர்த்து நான் ஒரு வரி எழுதமாட்டேன். அவர்கள் வேறு மாதிரியும் தீர்மானிக்கலாம். இது இருக்கட்டும், நாங்கள் இங்கே என்ன செய்தோம் என்று வெள்ளைக்காரர்கள் தினமும் பார்க்கட்டும் என்றும் சொல்லலாம். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஒரு அதிகாரி முன்கூட்டியே ஊகித்துக்கொண்டு திரையை இழுத்துவிடுவது, அவர்களுக்குக் காட்டுகிற மரியாதை ஆகாது.

இன்னொன்று. கேட்டன்ஸ்வில்லில் ரோலிங் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. புகையிலைப் பீப்பாய்களைத் துறைமுகத்துக்கு உருட்டிக்கொண்டு போன வழி என்பதால் அந்தப் பெயர். சாலை இருக்கிறது, பெயர் இருக்கிறது, தினமும் அதில் மோட்டார்கள் ஓடுகின்றன. பீப்பாயை உருட்டியவன் யார் என்று சொல்கிற படத்துக்கு மட்டும் மறைப்பு! அடிமை உழைப்பினால் கிடைத்தது எதையும் யாரும் திருப்பித் தரவில்லை. உழைத்த முதுகைக் கண்ணில் படாமல் செய்தாயிற்று. இதற்குப் பெயர் பரிகாரம் என்றால், செலவே இல்லாத பரிகாரம் அது. ஒரு முழத் துணி விலைகூட ஆகாது. மலிவான பரிகாரத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வருகிறது.

செய்ய வேண்டியது என்ன? அதற்கும் அதே திட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஓக்லஹோமாவில் அனடார்க்கோ என்ற ஊர்த் தபாலாபீசுக்கு 1936-ல் ஸ்டீஃபன் மோபோப் என்பவரை எழுதச் சொன்னார்கள். அவர் கயோவா இந்தியர். தன் ஜனங்களைச் சேர்ந்த இரண்டு ஓவியர்களின் உதவியோடு பதினாறு சித்திரங்கள் எழுதினார். ஆட்டக்காரர்கள், கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிற குடும்பங்கள் எல்லாம் அதில் உண்டு. அந்தப் படத்தில் உள்ளவர்கள் எவனுடைய சரித்திரத்துக்கும் பின்புலமாக நிற்கவில்லை. தாமே கதையாக நிற்கிறார்கள். ஸாஃபர்டுக்கும் அனடார்க்கோவுக்கும் உள்ள வித்தியாசம், தூரிகை யார் கையில் இருந்தது என்பதுதான். ஆகவே, கேட்டன்ஸ்வில்லில் மறைப்பை எடுத்துவிட்டு, எதிர்ச் சுவரில் இன்னொரு படம் எழுதச் சொல்லுங்கள். பீப்பாயை உருட்டியவனின் சந்ததியார் எழுதட்டும். பழைய படத்தின் கீழே, இதை யார் எழுதினார், எந்த வருஷம், இதில் எது விட்டுப்போயிற்று என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை வையுங்கள். ஒரு பொய்க்குப் பதில் ஒரு உண்மையை வைத்தால் வருகிறவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொய்யை மூடிவைத்தால் அது உள்ளே பத்திரமாக இருக்கும். அதற்குப் பணம் வேண்டும், வாஸ்தவம். துணியைவிட அதிகம்தான் ஆகும்.

பணம் என்றவுடன் விற்பனைக்கு வருகிறேன். இதைச் சீக்கிரமாகவே சொல்லிவிடலாம். 1971 ஜூலையிலிருந்து அமெரிக்கத் தபால், சர்க்கார் இலாகாவாக இல்லாமல் தன் வரும்படியில் தானே நடக்க வேண்டிய ஸ்தாபனமாகிவிட்டது. 2006-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, உத்தியோகஸ்தர்கள் ஓய்வு பெற்ற பிறகு ஆகும் வைத்தியச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்க வேண்டும் என்று பெரும் சுமையை அதன் தலையில் வைத்தார்கள். 2022-ல்தான் அதை நீக்கினார்கள். நடுவில், கடிதம் எழுதுகிற வழக்கமும் குறைந்தது. பழைய கட்டடங்கள் நல்ல விலைக்குப் போகும் என்று ஸ்தாபனத்துக்குத் தோன்றியது. பென் ஷானும் அவர் மனைவி பெர்னார்டா பிரைஸனும் தொழிலாளிகளை எழுதிய பதின்மூன்று சித்திரங்கள் கொண்ட நியூயார்க் பிராங்க்ஸ் தபாலாபீஸ் 2014-ல் விலை போயிற்று. கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்தார் சண்டை போட்டுத் தங்கள் தபாலாபீசைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அது பல்கலைக் கழகம் உள்ள ஊர்; வக்கீல்களுக்குக் குறைவில்லை. மூவாயிரம் பேர் உள்ள ஊர் யாரைக் கூப்பிடும்?

படத்தை விற்கவில்லை, கட்டடத்தைத்தான் விற்கிறோம், படம் எங்கள் உடைமையாகவே இருக்கும் என்று ஸ்தாபனம் சொல்கிறது. சட்டப்படி சரியாக இருக்கலாம். சுவரோடு ஒட்டிய படத்தைச் சுவர் இல்லாமல் எப்படி வைத்துக்கொள்வது? கதவைப் பூட்டிய பிறகு உள்ளே இருக்கிற படம் யாருக்கு? ஸ்தாபனம் இந்தப் படங்களைக் காசு கொடுத்து வாங்கவில்லை. ஜனங்களின் வரிப்பணத்தில் எழுதியது அதன் கைக்கு மாறிவந்தது. 2019-ல் அனடார்க்கோ, டெமிங் உள்பட ஐந்து தபாலாபீஸ் சித்திரங்களைத் தபால்தலையாக அச்சிட்டு விற்றார்கள். மிகவும் அழகான தலைகள். விரல் நுனி அளவுக்குச் சின்னதாக்கி விற்கும்போது இவை தேசத்தின் பொக்கிஷம். பன்னிரண்டு அடிச் சுவரில் நிற்கும்போது மட்டும் இடைஞ்சல்!

விற்றுத்தான் தீர வேண்டும் என்றால் அதற்கும் முன்னுதாரணம் உண்டு. ஸான் பிரான்ஸிஸ்கோவில் ரிங்கன் தபாலாபீசுக்கு ஆன்டன் ரெஃப்ரெகியர் எழுதிய இருபத்தேழு பகுதிச் சரித்திரச் சித்திரம் 1948-ல் முடிந்தது. சீனர்களை அடித்ததையும் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் அவர் மறைக்காமல் எழுதியிருந்தார். இது தேசத்துரோகம், பெயர்த்தெறிய வேண்டும் என்று 1953-ல் அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு பிரதிநிதி தீர்மானம் கொண்டுவந்தார். விசாரணை நடந்தது. நகரத்தின் பொருட்காட்சிசாலைத் தலைவர்கள் படத்துக்காகச் சாட்சி சொன்னார்கள். தீர்மானம் தோற்றது. பிற்பாடு தபாலாபீஸ் அங்கிருந்து போய்விட்டது. கட்டடம் வியாபாரத்துக்கு மாறியது. ஆனால் முன்கூடத்தையும் சித்திரங்களையும் அப்படியே விட்டுவைத்தார்கள். விற்கிற ஒவ்வொரு பத்திரத்திலும் இப்படி ஒரு நிபந்தனை போடுவதற்கு எந்த நிபுணர் குழுவும் வேண்டாம்.

ரிங்கன் விஷயத்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று. 1953-ல் நடந்தது பகிரங்கமான வழக்கு. எதிர்த்தவர் பெயர் சொல்லி எதிர்த்தார், காரணம் சொன்னார், பதில் வாங்கிக்கொண்டார். அந்தக் காலத்துக் கம்யூனிஸ்ட் பீதியின் நடுவிலும் சித்திரத்துக்கு ஒரு விசாரணை கிடைத்தது. இன்றைக்குச் சித்திரங்களை மறைக்கிறவர்கள் அந்தப் பிரதிநிதியைவிட எத்தனையோ நல்ல மனம் படைத்தவர்களாக இருக்கலாம். விசாரணை மட்டும் இல்லை.

கெல்லாக்கில் தட்டிவிட்ட படத்துக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. அதன் சின்ன மாதிரி வாஷிங்டனில் ஒரு கலைக்கூடத்தில் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளியின் மனைவி அதைப் பார்க்க நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக வேண்டும். மற்ற ஊர்களில் படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. மறைப்பை எடுங்கள். ஊரைக் கூட்டுங்கள். கூட்டும்போது, முன்பு யாரைக் கூப்பிடாமல் விட்டீர்களோ அவர்களை முதலில் கூப்பிடுங்கள்.